தடைப்பட்டியலில் மூன்றாவது டப்பா

சுல்யாத்தி மருந்து, அழகுப்பொருள் கண்காணிப்பு அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். முகத்தை வெளுப்பாக்கும், பாதரசம் கலந்த பூச்சுகளின் படங்களை வண்ணத்தில் அச்சடித்து, 'தடை செய்யப்பட்டவை' என்று பெரிய எழுத்தில் போட்டு, எங்கள் துலுங்காகுங் ஊர்ச் சந்தை வாசலில் அவளே ஒட்டினாள். மறுநாளே பெண்கள் கூட்டம். சுவரொட்டியைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு நேரே கடைக்குப் போனார்கள்.

"மூணாவது படத்துல இருக்கே, அதைக் குடுங்க."

அவர்களில் ஒருத்தி சுல்யாத்தியின் சொந்தத் தங்கை நிங்ரும். ஏழு மாதக் கர்ப்பிணி.

"ஏண்டி, படிக்கத் தெரியாதா உனக்கு? வயித்துப் பிள்ளையோட மூளையைக் கெடுக்கும்டி!"

"சும்மா பயங்காட்டாதக்கா. வேலை செய்யாத சரக்கையா கவர்மெண்ட் தடை பண்ணும்? சுவத்துல ஒட்டுனதே நீதான!"

சுல்யாத்தி தலையில் அடித்துக்கொண்டாள். கடையைச் சோதனை போட்டால் டப்பா இருக்காது. அவள் திரும்பியதும் இருக்கும். மேலதிகாரியிடம் சொன்னால், "இன்னொரு சுவரொட்டி ஒட்டும்மா" என்றார். தங்கையோ டப்பாவை எங்கே ஒளித்திருக்கிறாள் என்றே சொல்லவில்லை.

சனிக்கிழமை ஏழாம் மாதச் சடங்கு. பூத்தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, அக்கம்பக்கத்துப் பெண்கள் நாங்கள் நிங்ருமுக்குப் பாத்திக் என்ற சாயச் சித்திரத் துணிகளை ஒவ்வொன்றாகச் சுற்றினோம். ஒவ்வொன்றுக்கும் பெரியவர்கள் "பொருத்தமா?" என்று கேட்பார்கள். முதல் ஆறு துணிக்கு எல்லோரும் சேர்ந்து "இன்னும் இல்ல!" என்று கூவவேண்டும். ஏழாவதுக்குத்தான் "பொருத்தம்!"

ஏழாவது வந்தது. கூவினோம். சுல்யாத்தி மட்டும், "இன்னும் இல்ல" என்றாள்.

நிங்ருமின் மாமியார் முறைத்தாள். "என்னம்மா, எண்ணத் தெரியாதா?"

"மூஞ்சியில அந்தப் பசை இருக்கிற வரைக்கும் பொருந்தாதுங்க. டப்பா எங்கன்னு சொல்லச் சொல்லுங்க."

மறுபடி கேட்டார்கள். மறுபடியும் "இல்ல." விருந்துச் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "சொல்லித் தொலையேன் புள்ள! என் பேரப்பிள்ளைக்கு அரைகுறைச் சடங்கா?"

"அரிசிப் பானைக்குள்ள," என்று நிங்ரும் அழுதாள்.

சுல்யாத்தி பானைக்குள் தோள்வரை கைவிட்டுத் துழாவினாள். ஒன்றல்ல, மூன்று டப்பா. விஷம் பட்டிருக்கும் என்று அரிசியையும் வெளியே கொட்டச் சொன்னாள். தங்கையின் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். பிறகுதான், "பொருத்தம்" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்குமுன், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்துபோய் சுல்யாத்தியின் காதைக் கடித்தாள்.

"தூரப் போடத்தானே போற? எனக்கு ஒண்ணு குடேன்."