மீட்டிங் ரூமில் ஒத்திகை

அக்காவை ஆபீஸில் ‘டிராமா’ என்பார்கள். நாடகக் குழுவில் ‘ஆபீசர்’ என்பார்கள். இரண்டு இடத்திலும் அவள் வெளியாள்தான். பகலில் மனிதவளப் பிரிவு, மாலையில் ஒத்திகை. ஒத்திகைக் கூடத்தின் வாடகை அவள் சம்பளத்திலிருந்துதான் போனது. வேலை போனால் நாடகமும் போகும் என்று குழுவில் எல்லாருக்கும் தெரியும். கிண்டல் மட்டும் குறையவில்லை.

அந்த வருஷம் கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். போகிறவர்களிடம் சொல்ல வேண்டியவர் மேனேஜர். மனுஷர் தாளைப் பார்த்துக் கடகடவென்று படித்துவிட்டு, கடைசியில் “ஹேவ் எ நைஸ் டே” என்று வேறு சொல்லித் தொலைத்திருக்கிறார். கேட்டவர் நாற்காலியைத் தூக்கிவிட்டார்.

“டிராமா, எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடும்மா” என்று அக்காவிடம் வந்து நின்றார்.

நடிப்பில் பொய் எட்டிப் பார்த்தால் அக்காவுக்கு ஆகாது. அது மேடையானால் என்ன, மீட்டிங் ரூமானால் என்ன. மதிய இடைவேளையில் கதவைச் சாத்திவிட்டு, வேலை போகிறவளாக அவர் எதிரே உட்கார்ந்தாள்.

“பேப்பரைக் கவுத்து வைங்க சார். என் மூஞ்சியைப் பாருங்க.”

“பார்த்தா வார்த்தை வரமாட்டேங்குதும்மா.”

“மெதுவா வரட்டும். சொன்னதும் வாயை மூடிக்கங்க. அப்புறம் வர்ற மௌனம் எதிர்ல இருக்கறவங்களோடது. அதுல பூந்து பேசாதீங்க.”

வீட்டுக்கு வந்து என்னிடம் அலுத்துக்கொள்வாள்: “மரக்கட்டைடா அந்த ஆளு. ஆனா தேறிடுவார்.”

தேறினார். வேலை போனவர்கள் கைகுலுக்கிவிட்டுப் போனார்களாம். நிர்வாகம் பாராட்டியது, அவரை.

ஒரு வெள்ளிக்கிழமை அவரே கூப்பிட்டார். அக்கா வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் பேப்பரே எடுக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு நிறுத்தினார்.

“அட, இப்பதான் சார் உசுரோட வந்திருக்கு! எங்கே, இன்னொரு தடவை.”

“இது ஒத்திகை இல்லம்மா.”

அன்று அவள் இதைச் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நீ என்னக்கா சொன்னே?”

“என்னத்தைச் சொல்ல? நல்லாத்தான் பண்ணினார். குறை சொன்னா பாவம்டா.”

கூடம் போயிற்று. குழு எங்கள் வீட்டு ஹாலில் கொஞ்ச நாள் ஒத்திகை பார்த்தது. பிறகு ஆளுக்கொரு வேலை தேடிப் போனார்கள். அக்காவுக்கு இப்போது நாள் முழுக்க நேரம் இருந்தது, நாடகம்தான் இல்லை. அப்புறம் நோய் வந்தது.

அவள் இறந்த அன்று குழுவினர் வந்து அழுதார்கள். நிறையப் பேசினார்கள். ஒருவர் அவள் நடித்த வசனத்தை ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக்கூடக் காட்டினார். மேனேஜர் கடைசியாக வந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

“அக்கா போயிட்டாங்க” என்றார். வாயை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த மௌனம் என்னுடையது. முழுசாக எடுத்துக்கொண்டேன்.