நாகத்தை வெட்டினாளா இல்லையா?

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் நூற்றுப் பதினேழு பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் நாலு வரி ஒழுங்காக எழுதத் தெரிந்தவள் ஒருத்திதான். அவளுக்குப் பெயர் டைப்பு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது மாதம் ஒருமுறை சம்பளச் சீட்டில் தலையை நீட்டிவிட்டு ஓடிவிடும். மற்றபடி எந்நேரமும் "டைப்பு, ஒரு லெட்டர்", "டைப்பு, அவசரமா ஒரு மன்னிப்பு" தான்.

மன்னிப்புக்குத்தான் கிராக்கி அதிகம். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் இரண்டரை மணி நேரம் தொங்கிய மனிதர் கொதித்துப்போய் எழுதுவார். டைப்பு பதில் எழுதுவாள். அதைப் படித்தவர், தொங்கக் கொடுத்துவைத்ததே தன் பாக்கியம் என்று உருகி நன்றி தெரிவிப்பார். அந்த நன்றி நேராக மேனேஜருக்குப் போகும், கடிதத்தின் அடியில் இருக்கும் கையெழுத்து அவருடையதல்லவா! அது லேசுப்பட்ட கையெழுத்தும் இல்லை. தாளில் பாதியை அடைத்துக்கொண்டு, வாலைச் சுழற்றிக்கொண்டு, உண்ட மயக்கத்தில் படுத்திருக்கும். அதற்கென்றே தங்க மூடி போட்ட பேனா ஒன்று அவர் சட்டைப் பையில் குடியிருந்தது. ஐந்து வருஷத்தில் அவர் சொந்தமாக எழுதியது அந்தக் கையெழுத்து மட்டும்தான்.

தொலையட்டும், சம்பளத்துக்கு எழுதுவது சம்பளத்தோடு போகட்டும் என்று டைப்பு விட்டிருந்தாள். அவளுக்கென்று தனியாக ஒன்று இருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, சமையலறை மேஜையில் காய்கறிக் கூடையை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஏழு மணிவரை எழுதுவாள். அங்கே மலைகள் நடக்கும், ஆறுகள் மேல்நோக்கி ஓடும். முந்நூறு வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு கதவைத் தேடி ஒரு திருடி அலைவாள். இரண்டு பாகம் புத்தகமாகவே வந்துவிட்டது. அட்டையில் அவள் சொந்தப் பெயர், கொட்டை எழுத்தில். ஆபீஸில் நாலைந்து பேர் அதைப் படித்துவிட்டு, சாப்பாட்டு வேளையில் அவள் எதிரிலேயே அடித்துக்கொள்ளாத குறையாக வாதம் செய்தார்கள். எழுதியவள் பக்கத்து நாற்காலியில் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது ஒருவருக்கும் தெரியாது. பெயர் தெரிந்தால்தானே!

அவளும் வாயைத் திறக்கவில்லை. "இந்தக் கட்டடத்துக்குள்ள எழுதுற ஒவ்வொரு எழுத்தும் ஆபீஸுக்குத்தான் சொந்தம், ஞாபகம் இருக்கட்டும்" என்று மேனேஜர் ஒருநாள் சொல்லிவைத்திருந்தார்.

மூன்றாம் பாகத்தின் கடைசி அத்தியாயம் திங்கட்கிழமை பதிப்பகத்துக்குப் போக வேண்டும். கதவைக் காக்கும் நாகத்தை அந்தத் திருடி கொல்லும் இடம். ஏழு தடவை எழுதிக் கிழித்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள்: "எத்தன வாட்டிடி அந்தப் பாம்பச் சாகடிப்ப? ஒரேயடியாப் போட்டுத் தள்ளிட்டு வந்து சாப்பிடு!"

சாப்பாட்டு நேரத்தில் திருத்திக்கொள்ளலாம் என்று, வீட்டிலேயே அச்செடுத்த தாள்களை டைப்பு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அன்றுதான் ஸ்டோர்கீப்பருக்குப் பிரிவுபசார விழா. அவரைப் பூதம் என்றால்தான் ஆபீஸில் தெரியும். முப்பத்துமூன்று வருஷமாக உதிரிபாகக் கிடங்கின் கம்பிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். ஒரு நட்டு வேண்டுமானால் பழைய நட்டைக் கொடுக்க வேண்டும். கொடுப்பவர், வாங்குபவர், சாட்சி என்று மூன்று கையெழுத்தும் வேண்டும். முதலாளியே ஒருமுறை பல்பு கேட்டு வந்து, ஒரு கையெழுத்து குறைந்ததால் மூன்று நாள் இருட்டில் உட்கார்ந்திருந்தார் என்று பேச்சு.

விழாவில் பேசுவது மேனேஜர், எழுதித் தருவது டைப்பு. அவர் முன்கூட்டிப் படிக்கவே மாட்டார். "படிச்சுட்டுப் போனா உணர்ச்சி செத்துடும்" என்பது அவர் கட்சி. அவள் மேஜைமேல் எது மேலே இருக்கிறதோ அதை அள்ளிக்கொண்டு நேராக மேடை ஏறிவிடுவார்.

டைப்பு முதல் மூன்று பக்கங்களைத் திருத்தி, மேஜையில் இருந்த விழா உரைக்கு மேலே வைத்துவிட்டு, மிச்சத்தைப் பைக்குள் போட்டுக் கைகழுவப் போனாள். திரும்பி வந்தால், "மதிப்பிற்குரிய" என்று தொடங்கும் விழா உரை அப்படியே கிடந்தது. நாகத்தைக் காணோம்!

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். லிஃப்ட் கம்பெனியின் லிஃப்ட் வழக்கம்போலப் பழுது. ஆறு மாடி ஏறி, நாக்குத் தள்ள அவள் மாடிக் கூடத்துக்குள் நுழைந்தபோது மேனேஜர் மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தார்.

"முந்நூறு ஆண்டுகளாக அந்தக் கதவின் முன்னால் நாகம் சுருண்டு கிடந்தது..."

ஒரு கணம் அவரே திகைத்தார். ஆனால் மைக்கைப் பிடித்தபின் நிறுத்திப் பழக்கமில்லாதவர், மேலே போனார்.

"பழைய சாவியைக் கொடு, புதிய சாவி தருகிறேன், என்றது நாகம்."

கூடம் அதிர்ந்தது. "நம்ம பூதம்! அச்சு அசல் நம்ம பூதமேதான்!" என்று மெக்கானிக்குகள் நாற்காலியைத் தட்டினார்கள். அவர்கள் கண்டது சரிதான். இரண்டு வருஷமாக அந்தக் கம்பிக் கதவைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் நாகத்தை வளர்த்திருந்தாள்.

"வந்தவர்கள் எல்லோரும் சாவியைத்தான் கேட்டார்கள். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நாகத்திடம் ஒருவரும் கேட்டதில்லை."

முன்வரிசையில் பூதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"திருடி வாளை ஓங்கினாள். நாகம் கழுத்தை நீட்டிக் கொடுத்தது." மேனேஜர் தாளைப் புரட்டினார். அடுத்த தாள் இல்லை. "இத்துடன் எனது சிற்றுரையை முடித்துக்கொள்கிறேன்!"

கைதட்டலில் ஜன்னல் கண்ணாடி கழன்று விழாதது ஆச்சரியம். "சார், உங்களுக்குள்ள இப்படி ஒரு எழுத்தாளரா!" என்று அழாத குறையாக ஒருவர் அவர் கையைப் பிடித்தார்.

மேனேஜர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "ஏதோ தோணுச்சு. உக்காந்து கடகடன்னு எழுதிட்டேன்."

டைப்புவுக்குக் காது மடல் கொதித்தது. கடகடவா? ஏழு தடவை கிழித்தவளுக்கல்லவா தெரியும் அந்தக் கடகட! ஐந்து வருஷத்து மன்னிப்புகளைத் தூக்கிக்கொண்டு போனார், விட்டாள். வாழ்த்து, இரங்கல், அவர் மைத்துனர் கல்யாணத்துக்கு வாசித்த கவிதை, அத்தனையும் போயிற்று, விட்டாள். இருந்தது இது ஒன்று. இதையும் விட்டால், திங்கட்கிழமை புத்தகத்துக்கு அவள் போடும் பெயருக்கு என்ன அர்த்தம்?

அவள் வாயைத் திறப்பதற்குள் பூதம் எழுந்துவிட்டார்.

"சார், வெட்டினாளா இல்லையா?"

"என்ன?"

"நாகத்த வெட்டினாளா இல்லையான்னு கேக்கறேன். பாதிச் சரக்க நான் என்னிக்கும் வாங்கினதில்ல."

"அது... கேக்கறவங்க கற்பனைக்கு விட்டுடறது சார். அதுதான் இலக்கியம்."

"எழுதினவருக்குத் தெரியாதா?"

"அது அவர் எழுதினதில்ல," என்றாள் டைப்பு, கூடத்தின் கடைசியிலிருந்து. "நான் எழுதினது. என் புத்தகத்தோட கடைசி அத்தியாயம். என் மேஜைலேருந்து கேக்காம எடுத்துட்டு வந்துட்டாரு."

மேனேஜர் சிரித்துச் சமாளித்தார். "டைப்பு டைப் அடிச்சது, அவ்வளவுதான். யோசனையெல்லாம் நம்மளது. அப்படியே இருந்தாலும், ஆபீஸ்ல எழுதினா ஆபீஸுக்குத்தானே சொந்தம்?"

"எங்க வீட்டு சமையலறைல எழுதினது சார். அதுவும் ஆபீஸுக்குச் சொந்தம்னா, வந்து பாத்திரமும் கழுவிட்டுப் போங்க!"

மெக்கானிக்குகள் விசிலடித்தார்கள். பூதம் கையை உயர்த்தினார். "சண்டை வேணாம். மிச்சத்த யாரு குடுக்கறாங்களோ, அவங்க சரக்கு. சார், நீங்க சொல்லுங்க."

மேனேஜர் சீலிங் ஃபேனைப் பார்த்தார். அதற்கும் தெரியவில்லை.

டைப்பு மேடைக்கு நடந்தாள். பைக்குள் இருந்த பக்கங்களில் நாகம் ஏழாவது முறையாகச் செத்துக் கிடந்தது. முன்வரிசையில் பூதம் பதிலுக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். எழுதியவள் அவள். மாற்ற வேண்டுமானால் ஒருவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை.

"வெட்டல," என்றாள். "ஓங்கின வாளக் கீழ இறக்கிட்டு, உள்ள என்ன இருக்குன்னு கேட்டா. 'எனக்கும் தெரியாது, பாக்கணும்னு முந்நூறு வருஷமா ஆசை, துணைக்கு ஆளில்ல'ன்னுது நாகம். கதவத் தொறந்துட்டு அதுவே முதல்ல உள்ள போச்சு."

பூதம் மெதுவாக மேடை ஏறி, மேனேஜர் கையிலிருந்த மூன்று தாள்களையும் உருவினார். அவளிடம் நீட்டினார்.

"போடும்மா கையெழுத்த. குடுத்தவங்க கையெழுத்து இல்லாம நான் எதையும் வாங்கறதில்ல."

அவளிடம் பேனா இல்லை. மேனேஜர் சட்டைப் பையிலிருந்து தங்க மூடிப் பேனாவை எடுத்தாள், கேட்காமல்தான். தன் பெயரை, ஒரு எழுத்து விடாமல், தாளின் பாதியை அடைத்துப் போட்டாள்.

பூதம் அதை மைக்கில் உரக்கப் படித்தார். நாலைந்து வாய்கள் பிளந்தன. "அடப்பாவி, அந்த ரெண்டு பாகமும் நீதானா!" என்று ஒருவர் அலறினார்.

அந்தக் களேபரத்துக்கு நடுவில் மேனேஜர் அவள் தோளருகே வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார். "பேனா."

அவள் அதை மூடித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"மூணு கையெழுத்து வாங்கிட்டு வாங்க சார்."