பக்கத்தை யார் கட்டுவது?

ஹெப்சிபா லியோனார்டின் மேசையருகே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்த அவள் கணவன் சாவியோவுக்கு, அந்தச் சிரிப்பில் தனக்குப் பங்கில்லையே என்று வலித்தது.

2003ஆம் வருடம். ராயபுரத்தில் ஒரு மாடியில் ஜஹாங்கீர் பாயின் சின்ன கம்பெனி. துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர்களைக் கப்பல் ஏஜென்ட்டுகள் இணையத்தில் பார்த்துக்கொள்ள ஒரு தளம் செய்துகொண்டிருந்தார்கள். கப்பல் எப்போது வரும் என்று சொல்லும் நிரல், அவர்கள் பேச்சில் 'சர்வீஸ்', லியோனார்டுடையது. கன்டெய்னர் யார்டில் எங்கே நிற்கிறது என்று சொல்வது சாவியோவுடையது. இரண்டையும் சேர்த்து, எச்.டி.எம்.எல். என்னும் இணையப் பக்க மொழியில் ஒரே பக்கமாகக் காட்டுவது ஹெப்சிபாவின் வேலை.

"ரெண்டு பேரும் வெறும் விவரத்த மட்டும் அனுப்புங்க. எச்.டி.எம்.எல். மொத்தத்தையும் ஒரே எடத்துல நான் கட்டிக்கிறேன்" என்றாள் அவள்.

அப்படியென்றால் விவரம் கேட்டுத் தினமும் லியோனார்டிடம் போய் நிற்பாள். சாவியோவுக்கு அதுதான் முதலில் தோன்றியது.

"வேணாம் பாய். அவனவன் சர்வீஸ்லயே அவனவன் துண்ட எச்.டி.எம்.எல்.ல பண்ணி அனுப்பட்டும். அவ ரெண்டையும் ஒட்டிக்கினா போதும்" என்றான் சாவியோ.

வேலை சீக்கிரம் முடியும் என்று பாயும் தலையாட்டிவிட்டார். ஹெப்சிபா கணவனை ஒரு முறை பார்த்துவிட்டுத் தன் மேசைக்குப் போனாள்.

தளத்தைத் திறந்த அன்றே ஒரு ஏஜென்ட் போனில் கத்தினார். அவர் ஆபீஸில் இருந்தது பழைய நெட்ஸ்கேப் பிரவுசர்; பக்கம் முழுக்க வெள்ளையாக நின்றது. தப்பு எந்தத் துண்டில் என்று தெரியாமல், ஹெப்சிபா மூன்று நாள் லியோனார்டின் பக்கத்திலேயே நாற்காலி போட்டுத் தேடினாள். அவன் அவளுக்குப் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தான். சாவியோ சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனான்.

மூன்றாம் நாள் மாலை மாடிப்படியில் அவள் சொன்னாள்: "உன் எச்.டி.எம்.எல்.ல கட்டத்த, அந்த டேபிள, மூடுற கடைசி வரிய நீ எழுதவேயில்ல. உன் மெஷின்ல இருக்கிற பிரவுசர்ல தெரிஞ்சிச்சு, நெட்ஸ்கேப்ல தெரியல. நான் அவனாண்ட தேடிக்கினு கெடந்தேன்."

"நல்லா சிரிச்சிகினுதானே தேடின?"

அவள் நின்றுவிட்டாள். "ஓ... அதுக்கோசரம்தான் அன்னிக்கு அப்டி சொன்னியா?"

அவன் இரண்டு படி இறங்கினான்.

"என்னாண்ட கேட்டிருந்தா சண்ட போட்டிருப்பேன், முடிஞ்சிருக்கும். நீ இன்னா பண்ண? என் வேலைய புடுங்கி அவனுக்குப் பாதி, உனக்குப் பாதின்னு பிரிச்சிட்ட. ஒட்டுறதுக்கு மட்டும் நானா?"

யார் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தவன், அவளுடைய வேலையைப் பார்க்கவே மறந்திருந்தான்.

மறுநாள் காலை எல்லோர் முன்னாலும் சொன்னான்: "என் யோசன தப்பு, பாய். நாங்க விவரம் மட்டும் அனுப்பறோம். பக்கத்த ஹெப்சி கட்டட்டும்."

"அப்புறம் இன்னாத்துக்குப்பா அன்னிக்கு அப்டி சொன்ன?"

"பொறாம, பாய்."

"யார் மேல மாமு?" என்றான் லியோனார்ட்.

ஹெப்சிபா கணவனை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, நாற்காலியை லியோனார்டின் மேசைக்கே இழுத்துப் போனாள். கப்பல் வரும் தேதியை எப்படி அனுப்புவான் என்று கேட்க வேண்டியிருந்தது. அரை மணி நேரம் பேசினார்கள். சாவியோவுக்கு நெஞ்சு எரிந்தது. திரும்பிப் பார்க்காமல், தன் சர்வீஸில் எழுதியிருந்த எச்.டி.எம்.எல். வரிகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போனான்.