கோட விழுந்தது

"அடுத்த வளைவு எந்தப் பக்கம், கண்ணு?"

"வலப்பக்கமுங்ப்பா."

"சின்னதா, கொண்டை ஊசியா?"

"கொண்டை ஊசிதான். எதுத்தாப்பல ஒரு ஜீப்பு எறங்கி வருது. ஏனுங்ப்பா, இதென்ன விளையாட்டு? மறையூர் தாண்டுனதுல இருந்து இதையே கேட்டுட்டு வர்றீங்க."

"பேச்சுத் துணைக்குத்தான். மலையில ஓட்டறவன் கண்ணசந்தரக் கூடாதல்லொ?"

பின்சீட்டில் முறுக்குப் பையை மடியில் வைத்திருந்த மயிலாத்தாளுக்கு அந்தப் பதில் இடித்தது. வண்டி ஓட்டும்போது யாராவது வாயைத் திறந்தால் அதட்டுகிற மனுஷன் அவள் புருஷன். இன்றைக்குப் பேச்சுத் துணை கேட்கிறார். அதுவும் பொழுது சாயத் தொடங்கிய பிறகுதான்.

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் சிவப்பிரகாஷ் பேர்போன தரகர். வாரம் தவறாமல் சந்தைக்குப் போகிறவரை இரண்டு நாள் ஊரை விட்டுக் கிளப்பியதே மகள் இந்துவின் கெட்டிக்காரத்தனம். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறவள், மாட்டுப்பட்டிக்கு மேலே ஓர் இடத்தைப் போனிலேயே பிடித்துவிட்டாள். ராத்திரி நட்சத்திரம் பார்க்கலாம், பகலில் மலை ஏறலாம்.

"நாளைக்கு உச்சியில பொழுது எறங்கறதையும் பாத்துட்டு, இருட்டுக் கட்டித்தான் பொறப்படறோம். நடுராத்திரி ஊடு சேந்தாலும் விடியறப்ப அப்பா சந்தைக்குப் போயிக்கலாம். சரிதானுங்ப்பா?"

"ம்."

"அப்பாவுக்கு ராத்திரி ஓட்டறது தண்ணி பட்ட பாடு. ஏம்மா?"

"ஒரு காலத்துல," என்றாள் மயிலாத்தா.

சிவப்பிரகாஷ் "அடுத்த வளைவு?" என்றார்.

தேயிலைச் சரிவின் ஓரத்தில் ஓட்டு வீடு, பக்கத்தில் புதிதாகக் கட்டிய இரண்டு அறைகள். வீட்டுக்காரி ரோசி முன்பு எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவள். இப்போது வருகிறவர்களுக்குச் சமைத்துப்போட்டு, வானமும் காட்டுகிறாள்.

"வாங்க அண்ணாச்சி, வாங்க மதினி. பாப்பா, பைய இங்கன வையி. படி இருக்கு, பாத்து..."

சொல்லி முடிப்பதற்குள் சிவப்பிரகாஷ் படியில் இடறிக் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார்.

"சனியன் புடிச்ச செருப்பு," என்றார்.

மயிலாத்தா செருப்பைப் பார்த்தாள். போன மாதம் வாங்கியது.

சாப்பாடு ஆனதும் ரோசி புல்தரையில் நாற்காலிகளைப் போட்டுவிட்டு வாசல் விளக்கை அணைத்தாள்.

"கண்ணு இருட்டுக்குப் பழகட்டும். யோகமிருந்தா வெள்ளி விழுகதும் பாக்கலாம். போன வாரம் வந்தவுக ஒண்ணு பாத்தாக. அந்தம்மா கூப்பாடு போட்டதுல எங்க கோழியெல்லாம் முழிச்சிட்டு."

அவள் கையில் ஒரு டார்ச். அதிலிருந்து பச்சைக் கோடு வானம்வரை நீண்டது.

"அந்தா மூணு வெள்ளி வரிசையா நிக்கில்லா? அதுக்குக் கீழ பளபளன்னு ஒண்ணு. பாத்தியளா?"

"பாத்தனுங்க," என்றார் சிவப்பிரகாஷ்.

"மேல செவப்பா ஒண்ணு?"

"அதுவுந்தான். நல்லாத் தெரியுது."

மயிலாத்தா வானத்தைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள். பச்சைக் கோடு கிழக்கே போயிருந்தது. அவர் முகம் ரோசியின் குரல் வந்த பக்கம் திரும்பியிருந்தது.

"குளிருதுல்லா? கட்டஞ்சாயா போட்டுட்டு வாரேன்," என்று ரோசி உள்ளே போனாள். அவள் தம்ளர்களோடு திரும்பி வருவதற்குள் அணைப் பக்கமிருந்து வெள்ளையாக ஒன்று ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

"அட, கோட விழுந்துட்டுல்லா!"

"பாத்தேன்! பாத்தேன்!" சிவப்பிரகாஷ் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்குப் பளிச்சுனு ஒரு இழுப்பு! கண்ணு, பாத்தயா? என்ன வெளிச்சம்!"

ரோசி தம்ளரை நீட்டிய கையோடு நின்றாள்.

பிறகு இந்து சிரிக்க ஆரம்பித்தாள். "அப்பா! கோடன்னா பனிமூட்டமுங்ப்பா! மலையாளத்துல அப்பிடித்தான் சொல்லுவாங்க. என்ற கையே எனக்குத் தெரியல, இதுல உங்களுக்கு நட்சத்திரம் விழுந்துச்சாக்கும்!"

"அண்ணாச்சி நல்ல ரசிகருதான்," என்று ரோசியும் சிரித்தாள்.

"தமாசுக்குச் சொன்னேன்." அவரும் சிரித்தார், எல்லோரையும்விடச் சத்தமாக.

கோட என்ற சொல் மயிலாத்தாளுக்கும் புதிதுதான். வேலந்தாவளத்தில் பனி என்றால் பனிதான். ஆனால் அவளுக்கு அந்தச் சொல் தேவைப்படவில்லை. எதிரே நின்ற சவுக்கு மரமே காணாமல் போயிருந்தது. அது தெரியாமல் ஒரு மனுஷன் வெளிச்சத்தைப் பார்த்தேன் என்கிறார். சிரித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள். நாளைக்கு இருட்டில் அந்தக் கொண்டை ஊசிகளில் அவரை நம்பித்தான் இந்தப் பிள்ளை முன்சீட்டில் உட்காரப் போகிறது.

பனி வந்த வேகத்திலேயே விலகியது. மறுபடி வானம் நிறைந்தது.

"ஆறாமீனப் பாருங்க," ரோசியின் பச்சைக் கோடு உச்சிக்குப் போனது. "ஒரு கொத்தா இருக்குல்லா? ஆறும் தனித்தனியாத் தெரிஞ்சா கண்ணுக்கு ஒரு கொறையும் இல்லன்னு எங்கம்மை சொல்லும்."

"எனக்கு ஆறும் தெரியுது," என்றாள் இந்து. "அப்பா, உங்களுக்கு எத்தனை?"

சிவப்பிரகாஷ் வாயைத் திறப்பதற்குள் மயிலாத்தா அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். தன் மடிக்கும் அவர் மடிக்கும் நடுவில் விரித்தாள். துண்டுக்கு அடியில் கையை விட்டு அவர் கையைப் பிடித்தாள்.

சந்தையில் விலையை வாயால் சொல்லுகிற வழக்கம் இல்லை. துண்டைப் போட்டு மறைத்து, விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அத்தனை. விலை ஒத்துவராவிட்டால் உதறிவிடலாம். சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. கல்யாணமான புதிதில் அதை அவளுக்கு விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தவர் அவரேதான். வீட்டுக்கு ஒறம்பரை சாப்பிட வந்தால், இட்லி இன்னும் எத்தனை மிச்சம் இருக்கிறது என்பதை மாமியாருக்கு எதிரிலேயே துண்டுக்குள் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

அவர் முதலில் அவள் கையை முழுசாகப் பிடித்து விட்டு, பிறகு ஒரு விரலைப் பிடித்தார். ஆறு.

மயிலாத்தா உதறினாள்.

"அம்மாகூட என்னங்ப்பா யாவாரம்?" இந்து எட்டிப் பார்த்தாள்.

"பொறு கண்ணு. உங்கொம்மா வெலை படிய மாட்டேங்கறா."

நான்கு விரல். உதறினாள். இரண்டு. உதறினாள். ஒரே ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அவள் உதறவில்லை. சும்மா இருந்தாள்.

கடைசியில் அந்த விரலையும் விட்டார். கையை மூடி, மூடின கையை அவள் உள்ளங்கையில் வைத்தார். ஒன்றுமில்லை.

மயிலாத்தா அதைத் தன் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள். சந்தையிலும் பேச்சு முடிந்தால் அப்படித்தான் பிடிப்பார்கள்.

"படிஞ்சுருச்சு," என்றார் சிவப்பிரகாஷ்.

"எத்தனைக்குங்ப்பா?"

"நாளைக்குச் சொல்றேன்."

அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் அவள் கேட்டாள். "எப்பத்தில இருந்துங்க?"

"போன மழைக்கு முன்னால இருந்தே. பொழுது மசங்குனா எல்லாம் சாக்கு மூடுன மாதர ஆயிருது. வெளிச்சத்துல ஒண்ணுமில்ல மயிலு, ஊசில நூல் கோக்கச் சொல்லு, கோக்கறேன்."

"என்றகிட்ட ஒரு வார்த்தை?"

"விடியக் கருக்கல்ல மாட்ட நடக்க உட்டுப் பாத்து, இது நொண்டும், இது நிக்கும்னு சொல்ற வாயி இது. தரகனுக்குக் கண்ணு தெரியிலீன்னு ஒருத்தன் காதுல உழுந்தாப் போதும், நாளைக்கு எவன் என்ற துண்டுக்குள்ள கைய உடுவான்?"

"நான் உட்டனல்லொ."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"புள்ளைக்குத் தெரிய வேண்டாம். வேற ஏதாச்சும் சாக்குச் சொல்லி நாளைக்கு மத்தியானமே கெளம்பீறலாம்."

"அடுத்த தடவைக்கு என்ன சாக்குங்க? அந்தப் புள்ளையத்தானே பக்கத்துல உக்கார வெச்சு வளைவு கேட்டீங்க. லாரியக் கண்டாச் சொல்லோணும்னு அவளுக்குத் தெரிஞ்சிருந்தாப் பரவால்ல. விளையாட்டுன்னு நெனச்சுச் சொல்லாம உட்டிருந்தா?"

அவர் சட்டைப் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"இதை வெச்சு நான் என்ன பண்ணட்டும்? எனக்கா ஓட்டத் தெரியும்?" என்று அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "குடுக்க வேண்டிய எடத்துல நீங்களே குடுங்க."

காலையில் மலை ஏறினார்கள். தேயிலைக்குள் புகுந்து, புல்மேட்டில் வெளிப்பட்டது பாதை. ரோசி முன்னால் போனாள். அவளையும் முந்திக்கொண்டு போனார் சிவப்பிரகாஷ். கீழே அணைத் தண்ணீர் பளபளத்தது.

"அங்க மேயுது பாரு மாடு, ரெண்டாவது. பின்னங்கால் எடதுல கொளம்புக்கு மேல புண்ணு இருக்குது. ஊணவே மாட்டேங்குது."

"அது மாடுங்கறதே எனக்கு இப்பத்தான் தெரியுதுங்ப்பா," என்றாள் இந்து மூச்சு வாங்க.

"அது சேவியரு வீட்டு மாடுல்லா!" ரோசி கையை நெற்றிக்கு வைத்துப் பார்த்தாள். "நான் போயி அந்த மனுசங்கிட்டச் சொல்லிட்டு வாரேன். உச்சி அந்தா தெரியுது, நீங்க மெல்ல ஏறுங்க."

உச்சியில் பாறை ஒன்று. மூவரும் உட்கார்ந்து முறுக்குத் தின்றார்கள். காற்று காதை அடைத்தது.

"சாயங்காலம் இங்க சூப்பரா இருக்குமாம். பொழுது உழுந்தொடனே எறங்கி, நேரா வண்டியில ஏறிறலாம்," என்றாள் இந்து.

சிவப்பிரகாஷ் துண்டை எடுத்து மடியில் விரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அதைச் சுருட்டிப் பாறைமேல் வைத்துவிட்டார்.

"வாயாலயே சொல்லீர்றேன் கண்ணு. எனக்கு இருட்டுக் கட்டுனாக் கண்ணு தெரியறதில்ல."

இந்து முறுக்கைக் கடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

"நேத்து வளைவு கேட்டது..."

"அதுக்குத்தான்."

"கோட?"

"அதுவுந்தான்."

அவள் அழுதுவிடுவாள் என்று மயிலாத்தா நினைத்தாள். இந்து அழவில்லை. கோபமாக எழுந்து நின்றாள்.

"நான் சிரிச்சேனேங்ப்பா! எல்லாத்துக்கும் முன்னால!"

"நாந்தான் உன்னவிட எச்சாச் சிரிச்சேன். உக்காரு."

"திங்கக்கெழமை கோயம்புத்தூர்ல கண்ணு டாக்டர். நாங்கூட வருவேன். மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"செரி."

"சந்தைக்கு?"

"வெளிச்சம் வந்தப்பறம் போறேன். கருக்கல் யாவாரம் போனாப் போச்சு. கேக்கறவனுக்கு, பொழுது கெளம்பாம மாடு பாக்கறதில்லன்னு சொல்றேன். அதும் பொய்யில்லையே?"

"அது மட்டும் பத்தாதுங்க," என்றாள் மயிலாத்தா.

"தெரியுது மயிலு. மெல்லச் சொல்றேன். இன்னிக்கு இவளுக்குச் சொன்னதே எனக்கு மலையேறுன மாதர இருக்குது."

அவர் சட்டைப் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தார். மலைப் பாதையில் ஒரு தடவைகூட மகளிடம் கொடுக்காத சாவி.

"நானுங்களா? கோயம்புத்தூர்ல ஓட்டறது வேற..."

"வெயிலோடயே எறங்கறோம். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

பொழுது இறங்குவதை யாரும் பார்க்கவில்லை. சாப்பிட்ட கையோடு ரோசியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். வெயில் தேயிலைமேல் நிமிர்ந்து நின்றது. இந்து இரண்டாவது கியரை விட்டு மேலே போகவே இல்லை. பின்னால் வந்தவர்கள் ஆரனடித்தே ஓய்ந்தார்கள்.

"எடப்பக்கம் வளைவு. கொண்டை ஊசி. ஒரு ஆரன் அடி."

"எனக்குத் தெரியுதுங்ப்பா."

"தெரியுமல்லொ. இருந்தாலும் சொல்லீட்டு வர்றேன்."

"செரி, சொல்லுங்க," என்று இந்து ஆரன் அடித்தாள்.