சூட்கேஸைக் கண்டால் எழுந்து போகும் நாய்

1

இந்தக் கதை எனக்கு லிஃப்ட்டில் கிடைத்தது. எங்கள் கட்டடத்து லிஃப்ட்டில், கண்ணாடிக்குப் பக்கத்தில், ஒரு தாள் ஒட்டியிருந்தது. பாங்காக்கில் வெளிநாட்டுக்காரர்கள் குடியிருக்கும் எந்தக் கட்டடத்திலும் அடிக்கடி காணக் கிடைக்கும் தாள்தான்: ஊரைவிட்டுப் போகிறேன், எல்லாம் விற்பனைக்கு. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், சோபா, மிக்ஸி, மூங்கில் அலமாரி. எல்லாவற்றுக்கும் எதிரே விலை இருந்தது. கடைசி வரிக்கு மட்டும் இல்லை. 'நாய் – சும்மா.'

நான் ஜவுளிக்கடையில் வளர்ந்தவன். சும்மா என்று யாராவது சொன்னால் எங்கள் வீட்டில் எல்லோரும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். ஒன்றைச் சும்மா கொடுக்கிறார்கள் என்றால் அதன் விலை வேறெங்கோ ஒளிந்திருக்கிறது. எங்கே என்று பார்க்கத்தான் எழுத உட்கார்ந்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

2

முதல் தொடக்கம்: 'மழை விட்டதும் சந்து முழுக்க வறுத்த பூண்டின் மணம் எழுந்தது. மரைக்கே பால்கனியில் நின்றபடி—'

வேண்டாம். மழையும் மணமும் கடை வாசலில் தொங்கும் புடவைகள். எல்லோரும் தொட்டுப் பார்ப்பார்கள், ஒருவரும் வாங்க மாட்டார்கள்.

இரண்டாம் தொடக்கம்: 'அந்நிய நகரத்தில் வாழ்கிறவர்கள் ஒருவரை ஒருவர் சந்தித்ததும் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். எத்தனை வருஷமா இருக்கீங்க? எப்போ போறீங்க? முதல் கேள்வி மரியாதைக்கு. இரண்டாவதுதான் கணக்கு. இந்த ஆளோடு சிநேகம் வைத்தால் எவ்வளவு நாள் உழைக்கும் என்று துணியை விரலால் தேய்த்துப் பார்ப்பது போல—'

இது கட்டுரை. ஆனாலும் அந்த இரண்டு கேள்விகளை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சரி, இழுக்காமல் கடைசி விலையைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளை ஒட்டிய மரைக்கே வியாழக்கிழமை ஊருக்குப் போகிறாள். நாய்க்கு ஆள் கிடைக்கவில்லை.

3

(அறுபது தாண்டியவளை 'அவள்' என்கிறானே என்று முகம் சுளிக்காதீர்கள். 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். கதை எழுந்து நின்று கைகட்டிக்கொண்டது.)

மரைக்கே ஹாலந்துக்காரி. வந்தபோது தலைமயிர் செம்பட்டை, இப்போது வெள்ளை. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்குத் தாய்லாந்து பாஷை, டாக்சிக்குள் தேவைப்படும் அளவுக்கு உண்டு: இடது, வலது, நேரா, இங்கே நிறுத்துங்க. சந்தைக்கு: காரம் வேண்டாம், ஐஸ் வேண்டாம். பயமாயிருக்கிறது என்பதற்கு என்ன சொல்வார்கள் என்று அவள் கற்றுக்கொள்ளவே இல்லை. எந்த டாக்சியிலும் அது தேவைப்படவில்லை.

இதயம் வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். இந்த வயதுக்குமேல் காப்பீடு கிடையாது என்று கம்பெனியும் கையை விரித்தது. ஊரில் எந்த வயதிலும் காப்பீடு உண்டு. அதனால் போகிறாள். அங்கே வேறு யாரும் காத்திருக்கவில்லை.

நாய்க்கும் இதயம் வீக்கம். விமானத்தின் சரக்கறையில் வைத்தால் பாதி வழி தாங்காது என்று கால்நடை மருத்துவர் சான்றிதழ் தர மறுத்துவிட்டார். இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. அதனாலேயே ஒருத்தி பறக்க வேண்டும், மற்றது பறக்கக்கூடாது. (இப்படியொரு பொருத்தத்தை நானாக வைத்திருந்தால் வெட்டியிருப்பேன்.)

நாயின் பூர்வீகம்: முதலில் ஒரு கனடாக்காரி வைத்திருந்தாள். அவள் போகும்போது மூன்றாம் மாடி தோர்பென் என்கிற டென்மார்க்காரனிடம் வந்தது. அவன், "ரெண்டே வாரம் மரைக்கே, அம்மாவைப் பார்த்துட்டு ஓடி வந்துடறேன்" என்று சொல்லி விட்டுப் போனான். அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை. ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். சந்துக்காரர்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது: குண்டு.

இதற்கு ஒரு பழக்கம் உண்டு. அதற்காகத்தான் கதையே. யாராவது சூட்கேஸைத் திறந்து வைத்தால் இது குரைக்காது, ஊளையிடாது. எழுந்து போய்விடும். போய், இங்கேயே இருக்கப்போகிற ஆள் யாரோ அவர் வீட்டு வாசலில் படுத்துக்கொள்ளும். கனடாக்காரி பெட்டி கட்டியபோது தோர்பென் காலடியில் போய்ப் படுத்தது. தோர்பென் கட்டியபோது நடையைத் தாண்டி மரைக்கேயின் கதவுக்கு வந்தது. அப்போது அவளே அடுத்த வருஷம் கிளம்புவதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நாய்க்கு முன்னமே தெரிந்திருக்கிறது.

அதனால் இந்த முறை மரைக்கே சூட்கேஸைக் குளியலறையில் வைத்து, கதவைத் தாழிட்டுக்கொண்டு, துணியை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

4

சாமான் பார்க்கக் கேலம் என்று ஒரு ஆஸ்திரேலியப் பையன் வந்தான். ஊருக்குப் புதிது, கழுத்தில் வெயில் கொப்புளம் இன்னும் ஆறவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்தான், மூடினான், தட்டினான்.

"கொஞ்சம் குறைச்சுக்குங்களேன்."

மரைக்கே பேரத்தில் மட்டமில்லை. எங்கள் கடைக்கு வந்திருந்தால் அப்பா எழுந்து தானே தண்ணீர் கொடுத்திருப்பார். ஆனால் அன்று அவள் விலையைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தாள்.

"விலையே வேண்டாம், கேலம். நாயை எடுத்துக்கோ, ஃப்ரிட்ஜ் சும்மா."

அவன் சிரித்தான். "நாயா? நான் தங்கியிருக்கிறது ஒரே ரூம்."

"இது ரொம்ப நடக்காது. ஒரு மூலை போதும். வாஷிங் மெஷினும் எடுத்துக்கோ."

"அடடா..."

"சோபாவும். அது சோபாவுலதான் தூங்கும், அதனால சோபா எப்படியும் வேணும் உனக்கு."

எங்கள் கடைத்தெருவில் அரைப்படி கடலைக்கு ஒரு கைப்பிடி கொசுறு போடுவதுண்டு. ஒரு வீட்டையே கொசுறாகப் போட்டு ஒரு உயிரைத் தள்ளிவிடப் பார்ப்பதை நான் அன்றுவரை எழுதியதில்லை. கேலம் நாயைப் பார்த்தான். நாய் அவனைப் பார்க்கவில்லை. தலையைச் சொறிந்தபடி, நிஜமான கூச்சத்தோடு கேட்டான்:

"மரைக்கே, தப்பா எடுத்துக்காதீங்க. நாய் இல்லாம ஃப்ரிட்ஜ் எவ்வளவு?"

5

நீங்கள் இந்நேரம் ஒரு யோசனையோடு காத்திருப்பீர்கள். உள்ளூர்க்காரர் யாராவது பார்த்துக்கொள்வார்களே! வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும், எல்லா ஊரிலும், கடைசி வாரத்தில் வந்து சேரும் யோசனை அது. மரைக்கேயும் வந்து சேர்ந்தாள்.

சோம்கித் சந்து முனையில் மோட்டார் சைக்கிள் டாக்சி ஓட்டுகிறவன். ஆரஞ்சு நிறச் சட்டை, வாயில் பல்குச்சி. காலையில் குண்டுவுக்குக் கோழித்தோல் போடுவான். ஆங்கிலம் அவன் சவாரிகளிடமிருந்தே பொறுக்கியது.

"பெரியம்மா," என்றான், அவள் வாயைத் திறக்கும் முன்பே. "வேண்டாம். கேக்காதீங்க."

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கலையே."

"உங்க ஆளுங்க போறப்ப எனக்கு ஆளுக்கொண்ணு குடுப்பாங்க. ஒருத்தர் கம்பளிக் கோட்டு குடுத்தாரு. இந்த ஊர்ல! இன்னொருத்தர் பனியில சறுக்குற கட்டை குடுத்தாரு. என் பொண்டாட்டி அதுல துணி காயப்போடறா. எல்லாம் வெச்சிருக்கேன், ஒண்ணையும் தூக்கிப் போடல. ஆனா அதெல்லாம் சாப்பிடாது பெரியம்மா, சாகாது."

"உனக்குத்தான் அது பழக்கம்."

"ஒரு ரூம்ல நானு, பொண்டாட்டி, மாமியா. நடவுக்கு நாங்க ஊருக்குப் போயிட்டா இது யாருகிட்ட?" பல்குச்சியை எடுத்தான். "நானும் வெளியூர்க்காரன்தான் பெரியம்மா. உங்களுக்குத்தான் நான் உள்ளூரு."

அவள் கேட்க வந்தது அதோடு முடிந்தது. அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சோம்கித்துக்கு எழுதவில்லை. அவனே சொன்னான். அதைச் சொன்னதும் என் கதைக்குப் பின்கதவு அடைபட்டுவிட்டது.

6

புதன்கிழமை மாலை மரைக்கே ஒரு முடிவுக்கு வந்தாள். ஆளை நாமே தேடுவானேன்? இதுவரை தவறாதது நாய்தானே.

சூட்கேஸைக் குளியலறையிலிருந்து இழுத்து வந்து கூடத்தின் நடுவே, நாயின் கண்முன்னே, விரியத் திறந்தாள். வாசல் கதவையும் திறந்து வைத்தாள்.

குண்டு எழுந்தது. மெதுவாக வெளியே போனது. அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது (வியாதியால் மட்டுமல்ல). பின்னாலேயே நடந்தாள்.

எதிர்க் கதவருகே முகர்ந்தது. உள்ளே ஒரு யோகா ஆசிரியை. அவள் டிவி வந்த அட்டைப்பெட்டியை இன்னும் கிழிக்காமல் வைத்திருக்கிறாள், திரும்பக் கட்ட உதவும் என்று. நாய் நிற்கவில்லை. படியில் இறங்கியது, ஒவ்வொரு படிக்கும் இளைத்து. இரண்டாம் மாடியில் ஒரு கதவு பாதி திறந்திருந்தது. தலையை நீட்டிப் பார்த்தது. உள்ளே ஒருவன் எழுதிக்கொண்டிருந்தான். அலமாரிக்கு மேலே அவன் பெட்டி, பாதி கட்டியபடி, பல வருஷமாக அப்படியே. நாய் தலையை வெளியே எடுத்துக்கொண்டது.*

கீழே, சந்துமுனை. சோம்கித்தின் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றது. படுக்கவில்லை.

அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்னைப் பாக்காதடா குண்டு," என்றான். கை மட்டும் தானாக இறங்கி அதன் தலையில் நின்றது. மரைக்கே பக்கத்து வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த தாய்லாந்துச் சொற்களில் 'இங்கே நிறுத்துங்க' மட்டும்தான் நாக்குக்கு வந்தது. அதை யாரிடம்—

* அந்த அறை யாருடையது என்பது கதைக்குத் தேவையில்லை.

7

வாக்கியம் அங்கேயே நிற்கிறது. முடித்துப் பார்த்தேன்.

மரைக்கே டிக்கெட்டைக் கிழித்துப் போடுகிறாள். நல்ல முடிவு. ஆனால் அவள் நாய்க்கு முன்னே செத்துப்போவாள், நாய் மறுபடி படியிறங்கும்.

கோயிலில் விடுகிறாள். பிக்குகள் சோறு போடுவார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம் நாய் இருக்கிறது, எல்லாம் யாரோ போனபோது விட்டவை. குண்டு முதல் வாரம்கூட அவற்றிடம் தாங்காது.

ஊசி. அவள் கேட்டே விட்டாள். கால்நடை மருத்துவர் இரண்டு கையும் கூப்பி, "அந்தப் பாவம் என்னால சுமக்க முடியாதும்மா, மன்னிச்சிடுங்க" என்றார். அவள் வெளியே வந்து, அப்பாடா என்று நினைத்து, அப்படி நினைத்ததற்காக அழுதாள்.

இனி என்னிடம் சரக்கு இல்லை. விடிந்தால் வியாழன். சோம்கித்தின் கை இன்னும் அதன் தலையில் இருக்கிறது. ஆனால் அவன் தலையைத் தூக்கவில்லை. நாயும் படுக்கவில்லை. கையின் கீழிருந்து மெல்ல நழுவி, மரைக்கேயைத் தாண்டி, என்னைத் தாண்டி, இந்தத் தாளின் விளிம்புவரை வந்து நிற்கிறது. இதற்கு மேல் எனக்குத் தெரிந்த ஆள் யாருமில்லை.

உங்களைத்தான் பார்க்கிறது. அதற்கு முதல் கேள்வியில் அக்கறையில்லை. இரண்டாவதை மட்டும்தான் கேட்கும்.

பதில் சொல்லும் அவசரமில்லை. உங்கள் வீட்டில் பெட்டி ஏதாவது கண்ணில் படும்படி இருந்தால், தயவுசெய்து, முதலில் அதை எடுத்து உள்ளே வையுங்கள்.