அளவு ஜாக்கெட்

அளவு ஜாக்கெட் கொண்டுவராதவர்களுக்கு மார்பைப் பெரிதாக்குவதில்லை என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அது நியாயம்தான். எந்த டெய்லரும் அளவு ஜாக்கெட் இல்லாமல் துணியில் கத்தரி வைப்பதில்லை. உடம்பில் மட்டும் வைத்துவிடுவார்களா?

வசுமதிக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருடமாகச் செக்கிங்கில் இருக்கிறாள். காலையிலிருந்து மாலைவரை மேஜைமேல் பனியனை விரித்து, டேப் வைத்து நெஞ்சளவு பார்ப்பதுதான் வேலை. அரை இஞ்ச் குறைந்தாலும் தள்ளிவிடுவாள். முப்பத்தாறாம் வயதில் ஒருநாள் அதே டேப்பைத் தன்மேல் வைத்துப் பார்த்துவிட்டுத் தன்னையும் தள்ளிவிட்டாள். அதற்குப் பிறகுதான் இந்த ஆபரேஷன் யோசனை வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. கம்பெனியில் குலதெய்வம் கோயில் என்றாள். கணவன் குணசேகரனிடம் பித்தப்பையில் கல் என்றாள். கல் எப்படி உள்ளே போகிறது என்று அவன் கொஞ்ச நேரம் வியந்துவிட்டு லாரியில் லோடு ஏற்றப் போய்விட்டான். வசுமதிக்கு அதுவே போதும். கல்யாணமான நாளிலிருந்து புடவையின் நிறம்கூட நாலு பேர் சேர்ந்து முடிவு செய்ததுதான். இந்த ஒன்றாவது தனக்கே தனக்கென்று இருக்கட்டும், இதில் எவரும் மூக்கை நுழைக்க வேண்டாம் என்று நினைத்தாள்.

கவுன்ட்டரில் இருந்த நர்ஸ் அடுத்த கேள்விக்குப் போனாள்.

"கூட யாரு வந்திருக்காங்க?"

"யாருமில்லைங்க சிஸ்டர்."

"கூட ஆள் இல்லாம அட்மிஷன் போட மாட்டம்ங்க்கா."

"நான் தனியாத்தானுங்க வந்தேன்."

"அப்ப நீங்களே கூட இருந்துக்கங்க."

இரண்டு பாஸ் கொடுத்தார்கள். வெள்ளை நோயாளிக்கு, மஞ்சள் கூட வந்தவருக்கு. வசுமதி இரண்டையும் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அறையில் ஒரு கட்டிலும் ஒரு ஸ்டூலும் இருந்தன. மணி அடித்தால் கட்டிலிலிருந்து எழுந்து ஸ்டூலில் உட்கார வேண்டும். மறுபடி அடித்தால் கட்டிலில் படுக்க வேண்டும். அவள் தவறில்லாமல் செய்தாள். நோயாளிக்கு வெறும் வயிறு கட்டாயம். கூட வந்தவருக்கு கேன்டீன் டோக்கன் உண்டு. இரண்டு இட்லி சாப்பிட்டு முடிக்கும்போது நர்ஸ் பார்த்துவிட்டாள்.

"சாப்பிட்டது யாரு?"

"கூட வந்தவங்க."

நர்ஸ் பெருமூச்சு விட்டு ஃபைலில் எழுதிக்கொண்டாள். வசுமதிக்கு வயிறு நிறைந்திருந்தது. பசியும் உயிரை எடுத்தது.

அளவு ஜாக்கெட்டுக்கு எக்ஸ்ரே அறையைத் தாண்டி ஒரு டெய்லர் இருக்கிறார், அவரைக் கேளுங்கள் என்றார்கள். வசுமதி நடந்தாள். எக்ஸ்ரே அறை கண்ணுக்கெதிரில்தான் இருந்தது. அரைமணி நேரம் நடந்தும் அது கண்ணுக்கெதிரிலேயே இருந்தது. நடுவில் ஒரு ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். கூட்ஸ் வண்டி போகும்வரை நின்று, பிறகு நடந்தாள். வராந்தா தரை மட்டும் நன்றாகத் துடைத்திருந்தது.

டெய்லரைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அங்கண்ணன். கல்யாணமான புதிதில் அவரிடம்தான் தைக்கக் கொடுப்பாள். பன்னிரண்டு வருடமாக அவர் கடைப்பக்கம் போனதில்லை. காரணம் இருந்தது. அதை அவள் நினைப்பதில்லை.

"ஏனுங்கண்ணா, நீங்க இங்க எங்க?"

"நான் இங்கியேதான் அம்மிணி இருக்கறேன். நீதான் வரல."

அங்கண்ணன் இடுப்புக்குக் கீழே தையல் மிஷின் ஆகியிருந்தார். நாலு வருடமாக இப்படித்தானாம். சர்க்கரை இருக்கிறது, அதனால் இருக்கலாம் என்றார். எண்ணெய் மட்டும் தவறாமல் விட வேண்டியிருக்கிறது என்று வருத்தப்பட்டார்.

என்ன அளவு என்று அவர் கேட்கவே இல்லை. குனிந்து, அடியிலிருந்த மஞ்சள் பையை உதறி ஒரு ஜாக்கெட்டை எடுத்தார். கிளிப்பச்சை. கையில் அரக்குக் கரை. நாள்பட்ட துணியின் வாடை அடித்தது. தைத்து முடித்தது, வாங்க வரவில்லை என்றார். அந்தப் பச்சையை எங்கோ பார்த்த மாதிரி வசுமதிக்கு இருந்தது. திருப்பூரில் பச்சைக்கா பஞ்சம் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லிப்போடறேன்," என்றார் அங்கண்ணன். "இதுக்குச் சொந்தக்காரங்க கேட்டு வந்தா அப்பவே குடுத்துடோணும்."

அவள் சரி என்று தலையாட்டினாள். திரும்பி வரும்போது வராந்தா நாலடிதான் இருந்தது.

டாக்டரம்மா கழுத்தில் டேப் தொங்க வந்தார். வசுமதியை நிறுத்தி வைத்து, நெஞ்சில் ஊதாப் பேனாவால் கோடு போட்டார். சில இடங்களில் அம்புக்குறி போட்டார். பிறகு ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல கை," என்றார். "உள்ள துணி நிறைய விட்டுத் தச்சிருக்காங்க. இன்னும் வளரும்னு நினைச்சிருக்காங்க."

"எதுங்க டாக்டர்?"

"ஜாக்கெட்தான்மா. வேற எது?"

 

நகைகளைக் கழற்றிக் கூட வந்தவரிடம் கொடுக்கச் சொன்னார்கள். அவள் தாலிக்கொடியைக் கழற்றி வலது கையிலிருந்து இடது கைக்குக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டவள் பத்திரமாக முந்தானையில் முடிந்தாள். கையெழுத்துப் போட ஒரு தாள் வந்தது. நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டிருந்தது. வசுமதி வெகுநேரம் யோசித்தாள். கடைசியில் 'தெரிந்தவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

உள்ளே வசுமதிக்கு மயக்கம் கொடுத்தார்கள். வெளியே வசுமதி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. சொல்லக் கூடாதுதான், ஆனால் அவளுக்கு அப்படி ஒரு பயம். உள்ளே இருப்பவள் வராமல் போனால் வீட்டுக்கு யார் போவது? குணசேகரனுக்கு யார் சொல்வது? தேவையில்லாத வேலைக்கு ஆசைப்பட்டு வந்து படுத்திருக்கிறாளே என்று உள்ளே இருப்பவள்மேல் கோபமும் வந்தது. பிறகு பாவமாக இருந்தது. மூன்று மணி நேரத்தில் மூன்று காபி குடித்தாள்.

டாக்டரம்மா வெளியே வந்து, நல்லபடியா முடிஞ்சுது, போய்ப் பாருங்க என்றார். வசுமதி உள்ளே போனாள். கட்டில் காலியாக இருந்தது. ஏறிப் படுத்தாள். படுத்ததும் வலி வந்தது. நெஞ்சின்மேல் அம்மிக்கல்லை ஏற்றி வைத்தது மாதிரி இருந்தது. கூட வந்தவளைக் கூப்பிடலாம் என்று பார்த்தாள். ஸ்டூலில் யாரும் இல்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாளில் எல்லாம் அச்சடித்துக் கொடுத்தார்கள். ஆறு வாரம் மல்லாந்துதான் படுக்க வேண்டும். எடை தூக்கக் கூடாது. என்ன ஆனாலும் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. தூக்கினால் தையல் விடும். பையில் பச்சை ஜாக்கெட் இருந்தது. ஒரு சின்ன பாட்டிலில் மூன்று கற்களும் இருந்தன. கல் எதற்கு என்று கேட்டாள். வீட்டில் கேட்பார்கள் அல்லவா என்றாள் நர்ஸ். வெள்ளைப் பாஸை வாங்கிக்கொண்டாள். மஞ்சள் பாஸை வாங்க மறந்துவிட்டாள்.

குணசேகரன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பெருமையாக இருந்திருக்க வேண்டும். தெருவில் நாலு வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டிவிட்டு வந்தான். அப்புறம்தான் மனைவியை ஏறிட்டுப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான்.

"முடி வெட்டிக்கிட்டயா?"

"இல்லைங்க."

"என்னமோ மாறியிருக்குதே."

அதற்குமேல் அவனுக்கு ஓடவில்லை. யாருக்கும் தெரியக் கூடாது என்று அவள்தான் வேண்டிக்கொண்டாள். இந்த அளவுக்குப் பலிக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

அன்றே வீட்டுச் சாமான்கள் மேலே ஏறத் தொடங்கின. முதலில் சீப்பு. பிறகு சர்க்கரை டப்பா. மறுநாள் டம்ளர்கள் எல்லாம் பரணில் இருந்தன. விளக்கு ஸ்விட்ச் ஒரு முழம் உயர்ந்துவிட்டது. தரையில் அவளும் கட்டிலும் பீரோவும் ஒரு ஸ்டூலும்தான் மிச்சம். குணசேகரன் எட்டி எட்டி எடுத்துக்கொண்டான். மேலதான் இருக்குது, எடுத்துக்க வேண்டியதுதானே என்று சொல்லிவிட்டு லோடுக்குப் போனான். அவள் குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தாள்.

பத்தாம் நாள் கட்டுப் பிரித்தார்கள். மறுநாள் காலை, குணசேகரன் கிளம்பியதும், பச்சை ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தாள்.

முன்பக்கக் கொக்கி என்பதால் கை தூக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொன்றாக மாட்டினாள். எங்கும் பிடிக்கவில்லை, எங்கும் தொங்கவில்லை. பீரோ கண்ணாடி இன்னும் மேலே ஏறாமல் இருந்தது. அதன்முன் போய் நின்றாள்.

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அது அவளுடைய ஜாக்கெட்.

ஒரே ஒரு தடவை அவளுக்கு இந்த அளவு இருந்திருக்கிறது. பன்னிரண்டு வருடத்துக்கு முன், ஏழாம் மாதத்தில். வளைகாப்புக்குத் தைக்கக் கொடுத்தது. சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்த்தபோது, அங்கண்ணன் கடைத் திரைக்குப் பின்னால் இருந்த கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அவ்வளவு அழகாக இருந்தாள். ஓரத்தை மடித்துத் தைத்து வைக்கிறேன், நாளைக்கு வாங்கிக்கொள் என்று சொல்லியிருந்தார்.

வளைகாப்புக்கு முந்தின நாள் மத்தியானம் பன்னிரண்டு மணியிலிருந்து பிள்ளை அசையவில்லை. குணசேகரன் லோடுக்குப் போயிருந்தான். அவள் தனியாக பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். கூட யார் வந்திருக்காங்க என்று அங்கேயும் கேட்டார்கள். யாருமில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு, அழாதே, அடுத்தது பிறக்கும் என்றார்கள். சொன்னபடி அவள் அழவில்லை. அடுத்தது பிறக்கவில்லை. நெஞ்சு பழையபடி வற்றிப்போயிற்று. ஜாக்கெட்டை வாங்க அவள் போகவே இல்லை.

தனக்கென்று ஆசைப்பட்டதாகத்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையை அவள் மறந்திருந்தாள். அதன் பாலுக்கு இருந்த இடத்தை உடம்பு மறக்கவில்லை. வசுமதி அதிர்ந்துபோய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

வாசலில் ஒரு பெண் நின்றாள். இருபத்து நாலு வயதிருக்கும். ஏழு மாதம். பச்சைப் புடவைக்குப் பொருந்தாத வெள்ளை ஜாக்கெட் போட்டிருந்தாள். அவள் மூக்கில் இருந்த மூக்குத்தி வசுமதியுடையது. அது தொலைந்து ஒன்பது வருடமாகிறது.

"அக்கா, என்னோட ஜாக்கெட்டு உங்ககிட்ட இருக்குதுன்னு டெய்லரண்ணன் சொன்னாருங்க. நாளைக்கு வளைகாப்பு."

வசுமதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அது உத்தரத்துக்கு ஏறியிருந்தாலும் முள் தெரிந்தது. பதினொன்றரை.

கேட்டு வந்தால் அப்பவே கொடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு. வசுமதி கொக்கியில் கை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"கொக்கி சிக்கிக்கிச்சு கண்ணு. உள்ள வந்து உக்காரு."

அது பொய். அந்தப் பெண் நம்பினாள். அந்த வயதில் அவள் எல்லாவற்றையும் நம்புவாள். கட்டிலில் மெல்ல உட்கார்ந்து, பின்னால் கை ஊன்றிக்கொண்டாள்.

"பிள்ளை அசையுதா?"

"இப்பக்கூட உதைச்சுதுங்க. கை வெச்சுப் பாருங்க."

வசுமதி கை வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு உதை விழுந்தது. அவள் கையைச் சட்டென்று எடுத்துவிட்டாள். இதை எப்படி மறந்தாள்? மறுபடி வைத்தாள். மறுபடி உதைத்தது.

"கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டாள்.

"யாருமில்லைங்க்கா. அவரு லோடுக்குப் போயிருக்காரு."

வசுமதி எழுந்தாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் மேலே போய் இரண்டு நாளாகிறது. வலது கையைத் தூக்கினாள். தோள் வரைக்கும் வந்தது. அதற்கு மேலும் தூக்கினாள். உள்ளே ஒரு தையல் விட்டது. பச்சைத் துணியில் ஈரம் பரவியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. விரலுக்குத் தாழ்ப்பாள் எட்டியது. போட்டாள்.

திரும்பி வந்து ஆஸ்பத்திரிப் பையிலிருந்து மஞ்சள் பாஸை எடுத்துக் கழுத்தில் மாட்டினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, கட்டிலை ஒட்டி உட்கார்ந்தாள். வயிற்றின்மேல் கையை வைத்தாள்.

வெளியே வளையல்காரர் வந்து கதவைத் தட்டினார். இன்றைக்கே கை அளவு பார்த்துவிட்டால் நாளைக்குச் சுலபம் என்றார். கொஞ்ச நேரம் கண்ணாடி வளையல்கள் குலுங்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அவரும் வாசலில் உட்கார்ந்துவிட்டார் போலிருந்தது.

"ஏனுங்க்கா, நீங்க எனக்கு என்ன வேணும்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"கூட வந்தவ."

கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. வசுமதி கையை எடுக்கவில்லை.