ஒரு மில்லிமீட்டர் இரும்பு

சத்தி ரோட்டில், கணபதி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே வெள்ளை அம்பாசிடர் வந்து நின்றதுமே தாஜுன்னிசாவுக்குத் தலை வலிக்க ஆரம்பித்துவிட்டது. காரிலிருந்து சுந்தரராஜுலு இறங்கினார். தோளில் போட வேண்டிய துண்டில் எதையோ சுற்றி இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அது என்னவென்று அவள் அவிழ்த்துப் பார்க்க வேண்டியதில்லை.

"சென்னகேசவண்ணா, மறுபடியும் வந்துட்டாரு" என்றாள்.

சிலிண்டரை மெருகேற்றும் ஹோனிங் மிஷினிலிருந்து நிமிராமலே சென்னகேசவன், "மூணாவது தடவைங்க்கா" என்றார்.

தாஜுன்னிசா நடத்துவது இன்ஜின் போரிங் கடை. தேய்ந்துபோன சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து சரிசெய்து கொடுக்கிற வேலை; போர் போடுவது என்பார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்காரர் வளைகுடாவிலிருக்கிற தமாமுக்கு வேலைக்குப் போகும்போது மிஷினை விற்றுவிடச் சொல்லிவிட்டுப் போனார். வாங்க வந்தவன் பழைய இரும்பு விலைக்குக் கேட்டான். அந்தக் கோபத்தில் விற்க மாட்டேன் என்று சொல்லி, சென்னகேசவனை வைத்துக்கொண்டு தானே வேலையைக் கற்றுக்கொண்டாள். இப்போது, தொண்ணூற்று ஐந்தில், பம்புசெட்டிலிருந்து ஸ்கூட்டர் வரைக்கும் எது பழுதானாலும் மெக்கானிக்குகள் அவளிடம்தான் அனுப்பினார்கள். அவள் கடைந்து அனுப்பிய சிலிண்டர் எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை.

இந்த ஒன்றைத் தவிர.

"ஏனுங்க அம்மணி, நல்லா இருக்கீங்களா" என்றபடி சுந்தரராஜுலு ஸ்டூலில் உட்கார்ந்தார். அறுபதை நெருங்குகிற மனுஷர். கருமத்தம்பட்டிப் பக்கம் நூல் மில் வைத்திருக்கிற குடும்பம். துண்டை மெதுவாகப் பிரித்தார். "புடிச்சுப்போட்டுதுங்க."

"எத்தனாவது ரவுண்டுலங்ணா?"

"ரெண்டாவதுல. நேர் ரோட்டுல ஜம்முனு போச்சுங்க. திரும்பி வரும்போது கப்புனு நின்னுபோச்சு."

அவள் சிலிண்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உட்சுவரில் மேலிருந்து கீழாக நாலு கீறல், பூனை பிறாண்டின மாதிரி. சூட்டில் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொண்டால் வருகிற கீறல். அது போக வேண்டுமென்றால் கால் மில்லிமீட்டர் பெரிதாகக் கடைந்து, அதற்குத் தகுந்த பெரிய பிஸ்டன் போட வேண்டும். இப்படி நாலு தடவை, மொத்தம் ஒரு மில்லிமீட்டர் வரைக்கும் கடையலாம். அதற்கு மேல் சிலிண்டர் தாங்காது. இரண்டு கால் ஏற்கெனவே போய்விட்டது. இது மூன்றாவது.

"பழைய பிஸ்டன் எங்கங்ணா? போன தடவையே கேட்டனே."

"அது எதுக்குங்க? அதுதான் போச்சே. புதுசு கொண்டாந்திருக்கேன் பாருங்க."

"பெட்ரோல்ல என்ன ஆயில் கலக்கறீங்க?"

"எல்லாரும் கலக்கறதுதானுங்க. டூ-டி ஆயில்" என்றார், சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு. பிறகு தொண்டையைச் செருமினார். "எனக்கென்னமோ போர் சித்த டைட்டா இருக்குமோன்னு ஒரு சந்தேகமுங்க."

தாஜுன்னிசா போன தடவை எழுதி வைத்திருந்த அளவுத் தாளை எடுத்து அவர் முன்னால் போட்டாள். மேலே, நடுவில், கீழே, குறுக்கே, நெடுக்கே என்று ஆறு இடத்தில் அளந்து எழுதியிருந்தது. ஆறும் ஒரே எண். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் படித்தார். "இருந்தாலும்..." என்று இழுத்தார். அவள் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

அந்த வண்டியின் கதை அவளுக்கு மனப்பாடம். செக்கோஸ்லோவாகியாவில் செய்த இருநூற்றைம்பது சிசி ரேஸ் மோட்டார்சைக்கிள். டூ-ஸ்ட்ரோக், பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டிய இன்ஜின். அறுபதுகளின் கடைசியில் சோழவரம் ரேஸ் டிராக்கில் மூன்று வருஷம் அதை ஓட்டி, ஒரு தடவை மூன்றாவதாக வந்திருக்கிறார். கல்யாணம் நிச்சயமானதும் அவருடைய அப்பா வண்டியை விற்றுவிட்டார். இருபத்திரண்டு வருஷம் கழித்து, பொள்ளாச்சியில் ஒரு தேங்காய்க் களத்தில் கொப்பரை மூட்டைகளுக்கு அடியில் அதே வண்டியைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து இந்த அக்கப்போர்.

மறுநாள் அவர் மனைவி கோமளாவிடமிருந்து போன் வந்தது.

"அம்மணி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இனிமே அதைச் சரிபண்ண முடியாதுன்னு அவருகிட்ட சொல்லிப்போடுங்க."

"முடியுமேங்க்கா. இன்னும் ரெண்டு தடவை கடையலாம்."

"முடியும்னு எனக்கும் தெரியுமுங்க. நீங்க சொன்னா நம்புவாரு, அதுக்குத்தான் சொல்றேன். சாப்பாட்டு மேஜை மேல கியர்பாக்ஸ் உக்காந்துட்டு இருக்குது. வாராவாரம் ஞாயித்துக்கிழமை இந்த வயசுல லெதர் டிரஸ் மாட்டிட்டுப் போறாரு. அது புடிச்சு நிக்கும்போது பின்சக்கரம் கோடு போட்டுட்டு இழுக்குது. நான் குடையைப் புடிச்சுட்டு ஓரமா நின்னு பாக்கணும். ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் கீழ விழுந்துதான் நிப்பாருங்க."

தாஜுன்னிசாவுக்கு இரக்கமாகத்தான் இருந்தது. ஆனால் நல்ல சிலிண்டரைப் பார்த்து ஆகாது என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. "பாக்கறேங்க்கா" என்று வைத்துவிட்டாள். புருஷன் போர் சரியில்லை என்கிறார், பொண்டாட்டி போரே போடாதே என்கிறாள். நடுவில் நான் எதற்கு என்று அன்று பூராவும் முணுமுணுத்துக்கொண்டே கடைந்தாள். கடைந்ததை எட்டு இடத்தில் அளந்தாள்.

அவர் வந்து வாங்கிப்போவதற்கு முன்னால் இன்னொரு போன் வந்தது. பொள்ளாச்சி பாலகோபால். மாசாமாசம் பத்துப் பதினைந்து பம்புசெட் சிலிண்டர் அனுப்புகிறவர். சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டார்: "ஏனுங்க அம்மணி, உங்க மிஷின்ல ஏதாவது கோளாறுங்களா?"

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. நம்ம ராஜுலு அண்ணன்தான் கல்யாணத்துல பாத்தப்ப சொல்லிட்டிருந்தாரு, ரெண்டு தடவை போர் போட்டும் நிக்கறதில்லைன்னு."

தாஜுன்னிசா போனை வைத்தாள். உடனே சுந்தரராஜுலு வீட்டுக்குப் போட்டாள்.

"அண்ணா, இந்தத் தடவை சிலிண்டரை நானே கொண்டு வாரேன். நீங்க ஓட்டறதை நான் பாக்கணும்."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?" என்றார்.

"சிரமமெல்லாம் எப்பவோ ஆரம்பிச்சுருச்சுங்ணா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளும் சென்னகேசவனும் கருமத்தம்பட்டிக்குப் போனார்கள். மில்லுக்கு இரண்டாவது யூனிட் கட்டலாமென்று வாங்கிப்போட்ட நிலம். யூனிட் வரவில்லை. அதற்காகப் போட்ட தார் ரோடு மட்டும் முக்கால் கிலோமீட்டர் நேராகக் கிடந்தது. இரண்டு பக்கமும் வேலிக்காத்தான். கோமளா ஒரு மடக்கு நாற்காலியில் குடையோடு உட்கார்ந்திருந்தார். வண்டி சிவப்பு டேங்கோடு, சினைப் பசு மாதிரி வயிறு புடைத்த சைலன்சரோடு நின்றது. அழகாகத்தான் இருந்தது என்று தாஜுன்னிசா மனசுக்குள் ஒத்துக்கொண்டாள்.

சென்னகேசவன் சிலிண்டரைப் பூட்டினார். சுந்தரராஜுலு யாரையும் பக்கத்தில் விடாமல், வீட்டிலேயே கலந்து கொண்டுவந்த பெட்ரோலை டேங்கில் ஊற்றினார். இறுக்கிப் பிடித்த தோல் உடுப்பில் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, ஏறி உட்கார்ந்தார். நாலு தடவை இருமிவிட்டு அது கிளம்பியது. கிளம்பியபோது வந்த சத்தத்தில் வேலிக்காத்தானிலிருந்து ஒரு மைனாக் கூட்டமே எழுந்து போனது.

புகை அவர்கள் பக்கம் வந்தது. நீலமும் வெள்ளையும் கலந்த கனமான புகை. தாஜுன்னிசா ஒரு தடவை மூச்சை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. சின்ன வயதில் மாசத்துக்கு ஒருநாள் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவார்களே, அதே எண்ணெய். விளக்கெண்ணெய்.

"அண்ணா, நிறுத்துங்க" என்று கையை ஆட்டிக்கொண்டே ரோட்டில் ஓடினாள். அவர் எதிர்முனையில் திரும்பிக்கொண்டிருந்தார். கையாட்டியதைப் பாராட்டு என்று நினைத்தாரோ என்னவோ, தானும் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு அவளைத் தாண்டிப் பறந்தார். இரண்டாவது ரவுண்டில், பாதி ரோட்டில், சத்தம் சட்டென்று அறுந்தது. பின்சக்கரம் கீச்சென்று இழுத்தது. வண்டி இப்படியும் அப்படியும் ஆடி முள்ளுக்குள் பாதி நுழைந்து நின்றது. கோமளா குடையை மடக்கிவிட்டு எழுந்தார். அவர் முகத்தில் பயம் கூட இல்லை, சலிப்புதான் இருந்தது.

சுந்தரராஜுலுவுக்குச் சிராய்ப்பைத் தவிர ஒன்றுமில்லை. "பாத்தீங்களா அம்மணி, டைட்டுங்க" என்றார்.

"கழட்டுங்ணா" என்றாள் தாஜுன்னிசா சென்னகேசவனைப் பார்த்து.

"சூடா இருக்குதுங்க, அப்புறமா நான் ஊட்டுல போய்..." என்று சுந்தரராஜுலு குறுக்கே வந்தார்.

"இப்பவே கழட்டுங்ணா."

சென்னகேசவன் சாக்கைப் பிடித்துக்கொண்டு நாலு நட்டைக் கழற்றிச் சிலிண்டரை உருவினார். பழைய பிஸ்டனைச் சுந்தரராஜுலு ஏன் ஒரு தடவை கூடக் கண்ணில் காட்டவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பிஸ்டன் முழுக்கக் கருவேலம் பிசின் மாதிரிப் பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது. சுருங்கி விரிய வேண்டிய ரிங்குகள் இரண்டும் அந்தப் பிசினில் ஒட்டி அசையாமல் கிடந்தன. ரிங் ஒட்டிக்கொண்டால் நெருப்பு பிஸ்டனின் ஓரமாகக் கீழே இறங்கும். அப்புறம் எவ்வளவு சரியாகக் கடைந்தாலும் பிடிக்காமல் என்ன செய்யும்?

தாஜுன்னிசா நகத்தால் சுரண்டி முகர்ந்தாள். "டூ-டி ஆயிலுங்களாண்ணா இது? விளக்கெண்ணெய்தானுங்க?"

அவர் தரையைப் பார்த்தார்.

"விளக்கெண்ணெயா?" என்றார் கோமளா. "மாசம் ரெண்டு டின் செக்குல ஆட்டி ஊட்டுக்கு வருதே, அதுவா? முழங்கால் வலிக்குத் தேய்க்கறேன்னு சொன்னீங்க?"

"முழங்காலுக்கும் தேய்ச்சனே" என்றார் அவர், ரொம்பவும் சின்னக் குரலில்.

கோமளா திரும்பிப்போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"அப்பெல்லாம் ரேஸ் எண்ணெயே ஆமணக்குலதானுங்க வரும்" என்று சுந்தரராஜுலு தாஜுன்னிசாவிடம் சொன்னார். "சீமையில சுத்தம்பண்ணி டப்பாவுல வரும். இப்ப கெடைக்கறதில்லைங்க. சோழவரத்துல கொடி ஆட்டறதுக்கு முன்னாடி இருபத்தஞ்சு வண்டி ஒட்டுக்கா உறுமிட்டு நிக்கும். பூராவும் இந்த வாசம்தான். ரெண்டு நாளைக்குச் சட்டையில இருக்கும். இப்ப இதை ஸ்டார்ட் பண்ணி அந்த வாசம் வந்தா எனக்கு இருபத்தெட்டு வயசுங்க. டூ-டி ஊத்துனா சந்தைக்குப் போற மொபெட் மாதிரி நாறுது. அதுக்கு எதுக்குங்க இந்த வண்டி?"

அவர் பொய் சொல்லவில்லை என்று அவர் குரலிலேயே தெரிந்தது. அதனால் அவளுக்குக் கோபம் இன்னும் அதிகமானது.

"வாசத்துக்காக மூணு சைஸ் இரும்பைத் தின்னுபோட்டீங்க. சரி, அது உங்க இரும்பு. என் போர் சரியில்லைன்னு எதுக்குங்ணா ஊரெல்லாம் சொன்னீங்க?"

"ஊரெல்லாம் சொல்லலீங்க. ரெண்டு மூணு பேருகிட்டத்தான்..."

"பாலகோபால் அண்ணன் கேக்கறாரு, மிஷின்ல கோளாறான்னு. எட்டு வருஷம் நான் நின்னு சம்பாதிச்ச பேருங்க அது. இப்பவே அவருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்லுங்க. அப்புறம்தான் கடைசி சைஸ் கடையறதைப் பத்திப் பேச்சு."

மில் ஆபீசில் போன் இருந்தது. தோல் உடுப்போடு, உட்காராமல், நின்றபடியே அவர் பாலகோபாலிடம் பேசினார். "தப்பு என்னுதுங்க. அம்மணியோட போர் அப்படியே கண்ணாடியாட்ட இருந்துது. நான்தான் கண்ட எண்ணெயை ஊத்திப்போட்டேன்." எந்த எண்ணெய் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். அவர் காது சிவந்தது. சொன்னார். அந்தப் பக்கச் சிரிப்பு இவளுக்கும் கேட்டது.

போனை வைத்ததும் அவருடைய தோள் தொங்கிப்போயிருந்தது. தாஜுன்னிசாவுக்கு மனசு கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை.

"வாசந்தான வேணும்? டூ-டி ஆயிலைக் கலந்து ஓட்டுங்க. கிளம்பறப்ப சைலன்சர் வாயில ரெண்டு கரண்டி விளக்கெண்ணெயை ஊத்திப்போடுங்க. சூட்டுல அதுபாட்டுக்குப் புகையும். பிஸ்டன் பக்கமே போகாது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நிஜமாகவே புண்பட்ட முகம். "அது பொய்யிங்க அம்மணி."

"பொய்யைப் பத்தி நீங்க பேசறீங்களாண்ணா?" என்றாள்.

நாலாவது சைஸைக் கடைந்து கொடுத்தபோது, இதற்கு மேல் இந்தச் சிலிண்டரில் இரும்பு இல்லை என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினாள். அவர் மூன்று தடவையும் தலையாட்டினார். போன பிறகு ஒரு மாசம் வரவில்லை. இரண்டு மாசம் வரவில்லை. பாலகோபால் வழக்கம்போல் சிலிண்டர்களை அனுப்பினார். கூடவே விளக்கெண்ணெய் பற்றி ஒரு கேலியையும் அனுப்பினார். வெள்ளை அம்பாசிடர் எதைப் பார்த்தாலும் திக்கென்று இருந்தது மெல்ல மெல்ல நின்றது.

நாலாம் மாசம் கோமளாதான் போன் செய்தார். "பதினோரு ரவுண்டு ஓட்டறாருங்க. நிக்கறதே இல்லை."

"நல்லதுதானுங்க்கா?"

"என்ன நல்லது? முன்னெல்லாம் ரெண்டு ரவுண்டுல புடிச்சு நிக்கும், பத்து மணிக்கு ஊட்டுக்கு வந்துருவோம். இப்ப மத்தியானம் ஆகுது. அதுவுமில்லாம மொதல் ரவுண்டுல மட்டும் புகை அப்படியே மேகமாட்டக் கிளம்புது. எங்கூட்டு எண்ணெய்க் கரண்டியை வேற காணோம். கேட்டா தெரியாதுங்கறாரு."

தாஜுன்னிசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு மறுவாரம் வரைக்கும்தான் இருந்தது. திங்கட்கிழமை காலையில் சுந்தரராஜுலு கடைக்குள் வந்தார். இந்தத் தடவை சாக்குப் பை. உள்ளே துருப்பிடித்த சிலிண்டர்கள், ஒன்றல்ல, இரண்டு.

"கோபிசெட்டிபாளையத்துல ஒரு வாழைக்காய் மண்டியில கெடந்துச்சுங்க. ஜப்பான் ரேஸ் வண்டி. முந்நூத்தம்பது சிசி. ரெட்டைச் சிலிண்டர்" என்றார். முகமெல்லாம் வெளிச்சம்.

அவள் விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். துரு பொரிந்து விரலோடு வந்தது. "வெச்சுட்டுப் போங்க. ஒரு மாசம் ஆகும்."

"அவசரமே இல்லீங்க" என்று சொல்லிவிட்டு அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மண்டிக்காரர் முதலில் என்ன சொன்னார், தான் என்ன சொன்னேன் என்று ஆரம்பித்தார். வரிசையில் ஆறு பம்புசெட் சிலிண்டர் காத்துக்கொண்டிருந்தது. தாஜுன்னிசா எழுந்துபோய்ப் போரிங் மிஷினை ஓடவிட்டாள். அவர் பேச்சு கேட்காது என்று நினைத்தாள். அவர் ஸ்டூலை இன்னும் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டு, குரலை உயர்த்தினார்.